பதுங்கு குழியில் ஒரு கச்சேரி

கேள்வி: உக்ரைன் போர்முனையில் படைவீரர்களுக்காகப் பாடப் போகிற கலைஞர் முதலில் எதைப் பழக வேண்டும்?

பதில்: நிறுத்தப் பழக வேண்டும். பல்லவியின் பாதியில் இருந்தாலும், எச்சரிக்கை வந்த நொடியில் வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். "கிதாரை உறையில் வைத்துவிட்டு வருகிறேன்" என்பவருக்காக வாசலில் ஒரு சிப்பாய் காத்துக்கொண்டு நிற்பான். அந்த அரை நிமிடம் அவனுடைய உயிர். யார் "நிறுத்து" என்று சொல்வது என்பதைக் கச்சேரிக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியவர் அங்குள்ள படைப்பிரிவின் அதிகாரி, பாடகர் அல்ல.

கேள்வி: எத்தனை பேர் கூடினால் நல்ல கச்சேரி?

பதில்: பத்துப் பேர். கூட்டம்தான் அங்கே குறி. 2023 நவம்பர் 3-ஆம் தேதி சபோரிஷியா பகுதியின் சரிச்னே கிராமத்தில் விருது வழங்குவதற்காக உக்ரைன் வீரர்களைத் திரட்டியிருந்தார்கள். ஏவுகணை விழுந்து 19 வீரர்கள் இறந்தார்கள். அடுத்த பதினாறாம் நாள், ரஷ்யாவின் பிடியில் இருந்த குமாச்சோவோ என்ற ஊரில், ரஷ்யப் படையினருக்காக மேடையில் பாடிக்கொண்டிருந்த நடிகை பொலினா மென்ஷிக் பாட்டின் நடுவிலேயே தாக்குதலில் கொல்லப்பட்டார். எந்தப் பக்கத்து மேடை என்று குண்டு பார்ப்பதில்லை. நூறு பேருக்கு ஒரு முறை பாடுவதைவிடப் பத்துப் பேருக்குப் பத்து முறை பாடுங்கள். தொண்டை வலிக்கும். வலிக்கட்டும்.

கேள்வி: மொபைலில் நேரலை செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது. படம் எடுத்தாலும், அந்தப் பிரிவு இடம் மாறிய பிறகு, அவர்கள் அனுமதித்தால் மட்டும் வெளியிடுங்கள். முகத்தைவிடப் பின்னால் தெரியும் தண்ணீர்த்தொட்டி ஆபத்தானது, அது இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கீபோர்டு, ஸ்பீக்கர் எல்லாம் கொண்டுபோகலாமா?

பதில்: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக ஸ்டெயின்வே நிறுவனம் சுமார் 2,400 பியானோக்கள் செய்தது. பூச்சி அரிக்காத மரம், ஈரத்தில் விடாத பசை, தந்தத்துக்குப் பதில் செல்லுலாய்டு கட்டைகள், சுதி சேர்க்கும் கருவிகள் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல்! தூக்க ஆட்களும் பாராசூட்டும் இருந்தன, அவை போய்ச் சேர்ந்தன. உங்களுக்கு இருப்பது உங்கள் முதுகு மட்டும். அதன் மேல் ஏற்கெனவே பத்துக் கிலோ கவச உடை ஏறியிருக்கும். கவசத்தோடு கிதார் பட்டையை மாட்டி, ஒரு வாரம் வீட்டிலேயே வாசித்துப் பாருங்கள். கை வேறு கோணத்தில் விழும்.

குளிர்காலத்தில் வெளியிலிருந்து சூடான பதுங்கு குழிக்குள் போனதும் உறையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த மரத்தில் ஈரம் வியர்க்கும், மரம் வெடிக்கவும் செய்யும். மூடியபடியே கொஞ்ச நேரம் விட்டுவையுங்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட தந்திகள் கொண்ட பந்துரா என்ற உக்ரைன் வாத்தியத்தை வாசிப்பவர்களுக்குச் சுதி சேர்க்கவே தனி நேரம் வேண்டும். அதையும் பயணத் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

கேள்வி: வீரமூட்டும் பாடல்கள்தானே பாட வேண்டும்?

பதில்: அவர்களிடம் கேளுங்கள். 1941-இல் பிரிட்டிஷ் பாடகி வேரா லின் பிபிசி வானொலியில் பாடிய உருக்கமான பாட்டுகள் சிப்பாய்களைக் கோழையாக்கிவிடும் என்று பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். சிப்பாய்களோ அவற்றைத்தான் கேட்டார்கள். 1944-இல் அவர் பர்மா போர்முனைக்கே போய், மறக்கப்பட்ட படை என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் முன்னால் அதே பாட்டுகளைப் பாடினார். சண்டை போடுகிறவனுக்குச் சண்டையைப் பற்றி நாம் என்ன பாடிவிடப் போகிறோம்? அவன் ஊர்ப் பாட்டைத் தெரிந்துகொண்டு போங்கள்.

கேள்வி: ராணுவ மருத்துவமனையில்?

பதில்: பாதி சத்தம், பாதி நேரம். குண்டுவெடிப்பில் சிக்கியவர்களுக்குக் காதுக்குள் ஓயாத இரைச்சல் இருக்கும். திடீர்த் தாளம் அவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிப்போடும். டிரம்ஸும் ஜால்ராவும் வேண்டாம். கைதட்டச் சொல்லாதீர்கள், தட்டுவதற்குக் கையில்லாதவர் அந்த அறையில் இருப்பார். யாராவது முகத்தைத் திருப்பிக்கொண்டால் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அது அவமதிப்பு அல்ல.

கேள்வி: அழுகை வந்தால்?

பதில்: வரும். அறையை விட்டு வந்து அழுங்கள். உங்களைத் தேற்றும் வேலையையும் அவர்கள் தலையில் கட்டாதீர்கள்.

கேள்வி: பாடி முடித்ததும் உடனே கிளம்பிவிட வேண்டுமா?

பதில்: பாதுகாப்பு அதிகாரி கிளம்பச் சொன்னால் உடனே. இல்லையென்றால் கிதாரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு உட்காருங்கள். உக்ரைன் ராணுவத்தின் 'கல்சுரல் ஃபோர்சஸ்' குழுவில் வாசிப்பவர்களே சீருடை அணிந்த வீரர்கள். கேட்கிறவர்களிலும் நேற்றுவரை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் இருப்பார்கள். எத்தனை பேரை இழந்தீர்கள் என்று கேட்காதீர்கள். போகும்போது கூடுதலாக ஒரு செட் தந்தி எடுத்துப் போங்கள், அங்கேயே விட்டுவிட்டு வருவதற்கு. பல பதுங்கு குழிகளில் ஏற்கெனவே ஒரு கிதார் கிடக்கும், மூன்று தந்தியோடு.