சும்மா இருக்கறதுக்குத்தான் பீசு

ஏனம்மிணி, பையன் பள்ளிக்கூடத்துக்குப் பீசு எவ்வளவுன்னு சொன்னே? இன்னொருக்கா சொல்லு. காது நல்லாத்தான் கேக்குது, நெஞ்சு தாங்குதான்னு பாக்கறேன். சரி, கட்டு. வேண்டாங்கலை.

பையன் மரம் ஏறுவானாம், சேத்துல குதிப்பானாம், பிரியப்பட்டதைப் பிரியப்பட்டப்பப் படிப்பானாம். மரம் ஏறச் சம்மதம்னு முன்னாடியே நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடோணுமாம். உங்கப்பன் ஏறுனப்ப நான் எங்கயும் போடலை. எறங்குனதுக்கப்புறம் முதுகுல போட்டேன்.

உங்க சின்ன அப்பாரு வந்து, ‘நாங்கெல்லாம் இதையே ஓசியில படிச்சோம், ஆடு மேச்சோம்’னு பெருமை பேசுவான். நம்பாதே. வெளிய கெடந்தது நெசம். எந்தக் காட்டுல மேய்க்கறேன்னு எங்களை எவன் கேட்டான்? ஆடு பிரியப்பட்ட பக்கம் போச்சு, நாங்க அதும்பின்னால ஓடுனோம். தன் இஷ்டத்துக்குப் படிச்சது ஆடுதான்.

அங்க மாண்டிசோரி மாண்டிசோரிங்கறாங்களே, அந்தம்மா கதை தெரியுமா? டீச்சரே சொன்னாங்க. 1907ல, ரோமாபுரில சான் லொரென்சோன்னு ஏழைபாழைக குடியிருந்த பேட்டை. அப்பனாத்தா கூலிக்குப் போனதும் பொடுசுக செவுத்தையும் படியையும் பாழாக்குதுகன்னு கட்டடக்காரங்க ஒரு ரூமை ஒழிச்சுக் குடுத்து, இதுகளைப் பாத்துக்கங்கன்னு அந்தம்மாகிட்டச் சொன்னாங்க. செவுரு பொழைக்கோணும்னு ஆரம்பிச்ச சோலி! ஒரு நா அங்கத்த டீச்சர் வர நேரமாயிருச்சு. அலமாரியும் பூட்டாமக் கெடந்துது. வந்து பாத்தா, பொடுசுக அவங்கவங்களுக்கு வேணுங்கறதை எடுத்து வச்சு வேலை செஞ்சிட்டிருக்குதுக. டீச்சர் கண்ணுக்கு அது திருட்டு. மாண்டிசோரியம்மா மாத்தி ரோசிச்சாங்க: எது வேணும்னு இதுகளுக்கே தெரியுதே! அப்பறந்தான் பூட்டில்லாம, பொடுசுக கைக்கு எட்டற அலமாரி வந்துது.

அந்தம்மா 1939ல அடையாறுக்கு வந்து வாத்தியாருகளுக்குப் பயிற்சி குடுத்தாங்க. அடுத்த வருசம் இத்தாலி சண்டைல எறங்க, வெள்ளைக்காரன் அந்தம்மாவோட மகனைப் புடிச்சு அடைச்சுட்டான். மகன் சீக்கிரம் வெளிய வந்தாலும் சண்டை முடியற வரைக்கும் ஊருக்குப் போக முடியலை. 1942லிருந்து ரெண்டு வருசம் நம்ம கொடைக்கானல்லதான். எலை, பூச்சி, தண்ணின்னு அங்க பொடுசுகளோட பாத்துப் பாத்துத்தான் கொஞ்சம் பெரிய பசங்களுக்கான படிப்பு வளந்துதாம். கூலிக்காரன் புள்ளைக்கு மொளைச்சது இப்பக் கார்ல வந்து எறங்குது. அது கெடக்கட்டும்.

நீ கட்டற பீசு மரத்துக்கில்லை, அம்மிணி. மரம் நம்ம தோட்டத்துலயும் நிக்குது. அங்க ஒரு டீச்சர் வாயை மூடிக்கிட்டு, நோட்டுல குறிச்சுக்கிட்டு, ஓரமா உக்காந்திருப்பாங்க பாரு, அதுக்குத்தான். பையன் அரை நா எறும்புப் புத்தையே பாத்துட்டிருந்தாலும், ‘எறும்புக்கு எத்தனை கால், சொல்லு’ன்னு கேக்க மாட்டாங்க. அவனாக் கேக்கற வரைக்கும் பொறுத்திருக்கோணும். லேசுப்பட்ட வேலையா அது? உனக்கு வருமா? போன மாசம் இங்க ஓணானைப் பாத்து நின்னான். நீ அதோட இங்கிலீசுப் பேரு, ஸ்பெல்லிங்கு எல்லாஞ் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஓணான் ஊடு போயிச் சேந்திருச்சு.

பகலெல்லாம் அங்க அவன் இஷ்டத்துக்கு உட்டுப்போட்டு, பொழுது எறங்குனதும் அபாகசுக்கும் கீபோர்டுக்கும் இழுத்துட்டுப் போனீன்னா, டீச்சரம்மா பொறுத்ததெல்லாம் வீணு. மாப்பிள்ளைகிட்டயும் சொல்லி வையி. ரெண்டு தூத்தல் விழுந்ததும், ‘பையனை உள்ள உக்கார வைங்க’ன்னு வாட்ஸப்புல எழுதப்படாது.

வருசக் கடைசில உங்க மாமியா, மார்க்குச் சீட்டு எங்கன்னு கேப்பாங்க. பையன் வெதைச்ச பீர்க்கங்காயக் கையில குடு. கடைஞ்சு தின்னு பாத்துட்டுக் கசக்குதுன்னு சொன்னா என்னைய இழுக்காதே. அன்னிக்கு நான் மடை திருப்பப் போயிருப்பேன்.