வள்ளியாற்றோடு ஒரு போட்டி

வேளிமலையிலிருந்து இறங்கி கடியப்பட்டணத்தில் கடல் சேரும் வள்ளியாற்றுக்கு என்ன கவலை? பள்ளம் பார்த்து ஓடுகிறது. சைக்கிளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மத்தியானக் கடற்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். இறக்கத்திலும் மிதிக்க வேண்டும்.

தென்னை, வாழை, குளக்கரை, அமைதி என்று நம்பித்தான் கிளம்பினேன். முதல் டீக்கடையிலேயே, "என்ன மக்கா, பைக்க வித்தாச்சா?" அடுத்த முக்கில், "பெட்ரோல் விலை கூடிட்டுல்லா" என்று ஆறுதல். மூன்றாமவர் வாயே திறக்கவில்லை. என் கடன் எவ்வளவு இருக்கும் என்று கண்ணாலேயே கணக்குப் போட்டார். சைக்கிளின் விலையைச் சொல்லியிருந்தால் கல்யாண வீடு வரைக்கும் பேச்சு போயிருக்கும்.

ஒரு காலத்தில் மீன்கூடை கட்டிய சைக்கிள்கள் இந்தக் கடற்கரையிலிருந்து உள்நாட்டு ஊர்களுக்கு ஏறின. ஹெல்மெட் கிடையாது, கியர் கிடையாது. அதற்குப் பேர் பிழைப்பு. நான் வெறுங்கூடை கூட இல்லாமல் மிதிப்பதற்குப் பேர் ஆரோக்கியம்.

பக்கத்து மணவாளக்குறிச்சி மணலின் மதிப்பை 1909-இல் கண்டுபிடித்தவர் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர். திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருந்ததாம். கடியப்பட்டணம் போய்ச் சேர்ந்தபோது என் செயினிலும் அதே மணல்தான். ஜெர்மானியர் யாரும் வரவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்தான் எட்டிப் பார்த்தார்.

"எண்ணெ போடும் மக்கா, சத்தம் தாங்கல்ல."