செல்ப் எடுக்காத சீமை வண்டி

கோவென்ட்ரி,
நவம்பர் மாதம், மழை.

அன்புள்ள மாமாவுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.   சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு நாங்கள் வரவில்லை என்று அத்தைக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்று கேள்வி. அந்த விஷயத்துக்குத் தனிக் கடிதம் போடுகிறேன். இது வண்டிக் கடிதம். போனில் நீங்கள் "வண்டி என்ன ஆச்சு மாப்ள?" என்று ஆரம்பிப்பதும், நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனை வாங்கி "பிள்ள சாப்பிட்டானா?" என்று கேட்பதுமாகவே போய்விடுகிறது. உங்கள் பட்டன் போனுக்குப் படம் அனுப்பவும் வழியில்லை. ஆகவே முழு விவரமும் தாளில்.

முதலில் வண்டியின் பூர்வீகம். பெயர் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், 1979 மாடல், 1493 சிசி என்ஜின். சண்டை விமானத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் உட்காரலாம், மேலே துணிக் கூரை. "ரெண்டு சீட்டுன்னா பிள்ளைய எங்க வைப்பீங்க?" என்று அத்தை கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

ஆனால் மாமா, இதை நீங்கள் அந்நிய வண்டி என்று நினைக்க வேண்டாம், சொந்தக்கார வண்டிதான். வண்டலூர்ப் பக்கம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று ஒரு கார் செய்தார்களே, அதன் மூத்தது இந்தக் கோவென்ட்ரியில் 1959ல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்ட். அந்தச் சேஸின் சக்கர இடைவெளியை 91.5 அங்குலத்திலிருந்து 83 அங்குலமாகக் குறுக்கித்தான் இந்த ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். ஹெரால்டுக்கு உடல் வரைந்த இத்தாலிக்காரர் மிச்சலாட்டியே இதற்கும் வரைந்து கொடுத்தார். கம்பெனியில் காசில்லாமல் மாதிரி வண்டி ஒரு மூலையில் துணி மூடிக் கிடந்திருக்கிறது. 1961ல் லேலண்ட்காரர்கள் கம்பெனியை வாங்கி, ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தபோது துணியைத் தூக்கிப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் ஸ்பிட்ஃபயர் ரோட்டுக்கு வந்துவிட்டது. லேலண்ட் என்றதும் உங்களுக்கு பஸ்தான் கண்ணில் தெரியும். அவர்கள் வீட்டில் இப்படியும் ஒரு செல்லப்பிள்ளை இருந்தது. கான்லி என்ற பேட்டையில் இருந்த அந்த ஆலையிலிருந்து 1980 ஆகஸ்டில் கடைசி வண்டி வெளியே போனது. என் வீட்டிலிருந்து அந்த இடம் கிட்டத்தில்தான்.

நம் ஊரில் காருக்குப் பதினைந்து வயதானால் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடையாய் நடக்க வேண்டும். இங்கே தலைகீழ்ச் சட்டம். நாற்பது வயது தாண்டிய வண்டிக்கு ரோடு டாக்ஸ் கிடையாது, வருஷா வருஷம் செய்யும் சோதனையும் கட்டாயம் இல்லை. சரித்திரச் சின்னம் என்று கணக்கு வைத்து விட்டுவிடுகிறார்கள். அரசாங்கமே சோதிக்காத வண்டியை நான்தான் தினமும் காலையில் சோதித்துக்கொண்டிருந்தேன்.

நோய் இதுதான். ஒரு நாள் சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றில் எடுக்கும். மறுநாள் "டிக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் உறுமும். ஓட்டல் வாசலில் எடுக்காது, வீட்டு வாசலில் எடுக்கும். மழையில் எடுத்தது, வெயிலில் எடுக்கவில்லை. (வெயில் என்று இவர்கள் சொல்வதைத்தான் நானும் சொல்கிறேன்.) சுத்தமாகக் கெட்ட வண்டியை யாரும் சரிசெய்துவிடலாம். இடையிடையே நல்லவனாக நடிக்கும் வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதுதான் கஷ்டம். ஒரு தடவை ரெக்கவரி வண்டியைக் கூப்பிட்டேன். வந்தவர் மழைக்கோட்டைக் கழற்றி, சாவியை வாங்கி, ஒரு திருப்பு. எடுத்துவிட்டது! "அருமையான வண்டி சார்" என்று பாராட்டிவிட்டு, குறை எதுவும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்துப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் அணைத்துப் பார்த்தேன். டிக். பிறகு ஒரு பட்டறையில் விட்டேன். பேட்டரியை மாற்றினார்கள். சரியாகவில்லை. செல்ப் மோட்டாரை மாற்றினார்கள். அப்போதும் சரியாகவில்லை. பில்லை ரூபாயில் பெருக்கிச் சொல்ல வேண்டாம் என்று உங்கள் மகள் சொல்லியிருக்கிறாள், அத்தையின் பிரஷரை உத்தேசித்து.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில் பல வருஷம் குடியிருந்தாலும் மழையைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். நம் ரதவீதியில் ஒரு வண்டி நின்றால் கேட்பதற்கு முன்பே நாலு பேர் தள்ளுவார்கள், ஆறு பேர் யோசனை சொல்வார்கள். இங்கே அதெல்லாம் கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன். பானெட்டைத் திறக்கும்வரை! ஸ்பிட்ஃபயருக்கு பானெட் என்றால் மூடி மட்டும் கிடையாது. மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதுமே முன்னால் கவிழ்ந்து திறக்கும். டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். அதைத் திறந்து வைத்த கால் மணியில், எங்கிருந்துதான் வந்தார்களோ, தெருக் கிழவர்கள் அத்தனை பேரும் ஆஜர். கோவென்ட்ரியில் எழுபது தாண்டிய ஆண்பிள்ளைகளில் டிரையம்ப், ஜாகுவார், ஹில்மேன், ஹம்பர் என்று ஏதாவது ஒரு கார் ஆலையில் கை வைக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஆளுக்கொரு தீர்ப்பு. ஒருவர் எல்லாப் பழியையும் பெட்ரோல் மேல் போட்டார். 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். உலகத்தில் நடக்கும் அநியாயம் எல்லாவற்றுக்கும் அவர் கணக்கில் அதுதான் காரணம். இன்னொருவர், சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள் ஆவி அடைக்கிறது என்றார். பல் கிட்டும் குளிரில் நின்றுகொண்டு சொன்னார் மாமா. மூன்றாமவர் படித்தவர், இந்த 1500 மாடலில் செல்ப் சுற்றும்போது மட்டும் காயிலுக்கு நேரடி கரண்ட், மற்ற நேரம் ஒரு தடைக் கம்பி வழியாகக் குறைத்த கரண்ட், அந்தக் கம்பிதான் போய்விட்டது என்றார். கண்டென்சர், பாயிண்ட், கார்ப்ரேட்டர் என்று ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை.

ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே, "இருட்டைக் கண்டுபிடித்ததே லூகாஸ் கம்பெனிதான்" என்றார். பழைய இங்கிலீஷ் வண்டிகளின் ஒயரிங்கைப் பற்றி இங்கே வழிவழியாக வரும் கேலி அது. நான் விடவில்லை. அதே லூகாஸோடு டி.வி.எஸ். சேர்ந்து 1961ல் மெட்ராசில் ஒரு கம்பெனி தொடங்கினார்கள், பாடியில் இருக்கிறது, அந்த டி.வி.எஸ். ஐயங்கார் எங்கள் திருநெல்வேலிச் சீமைத் திருக்குறுங்குடிக்காரர், என் மாமனார் வீட்டு உலை கொதித்ததே லூகாஸ் செல்ப் மோட்டாரில்தான் என்று சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டார். இந்த வழக்கில் லூகாஸ் நிரபராதி என்பது பின்னால் நிரூபணமும் ஆனது.

அன்று ராத்திரிதான் உங்களுக்குப் போன் போட்டேன். நீங்கள் ஒரே கேள்வி கேட்டீர்கள்: "மாப்ள, செல்ப் சுத்துதா, சுத்தலையா? அத மொதல்ல சொல்லுங்க." அத்தனை கிழவர்களும் சொன்ன அத்தனை காரணமும் சுற்றியும் பற்றாத வண்டிக்கு உரியவை. என் வண்டி சுற்றவே இல்லை. பெட்ரோல், காயில், கண்டென்சர் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் விடுதலையாகிவிட்டன. அடுத்து, "ஹெட்லைட்டப் போட்டுட்டு சாவியத் திருப்புங்க. லைட்டு மங்குதா, அணையுதா, அப்படியே நிக்குதா?" அப்படியே நின்றது, பிரகாசமாக. அப்படியானால் பேட்டரியிலும் டெர்மினலிலும் குறை இல்லை, கரண்ட் செல்ப்புக்குத்தான் போய்ச் சேரவில்லை என்றீர்கள். அதற்குள் வழக்கம்போல் அத்தை போனை வாங்கிவிட்டார்கள்.

துப்புக் கொடுத்தவள் உங்கள் மகள். மறுநாள் வண்டி அடம்பிடித்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சோக் பித்தானை விரல்களால் பிடித்துக்கொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்டால், "இந்த வண்டியில சூடா இருக்கிற ஒரே சாமான் இதுதான், கை காயுது" என்றாள். சொன்னவள் சட்டென்று கையை எடுத்தாள். "ஏங்க, சோக் கம்பி எதுக்குச் சூடாகணும்?" உங்கள் கழுகுமலை ரோட்டுக் கடையில் பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவளாயிற்றே.

பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து செல்ப்புக்குப் போன கரண்ட், என்ஜின் வழியாக பாடிக்கு வந்து மைனஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும். என்ஜினோ ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. என்ஜினையும் பாடியையும் சேர்ப்பது ஒரு சாண் எர்த் பட்டைதான். அது ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் கரண்ட் கிடைத்த சந்தில் புகுந்து வரும். இங்கே கிடைத்த சந்து சோக் கம்பி. 150 ஆம்பியர் போக வேண்டிய ஆறு ஒரு சைக்கிள் பிரேக் ஒயர் தடிமனில் திரும்பினால் சூடாகாமல் என்ன செய்யும்?

பட்டறையில் அந்தப் பட்டையைச் சோதிக்காமல் விடவில்லை. மல்டிமீட்டர் வைத்தார்கள், பீப் என்றது, நல்லதாக இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். மீட்டர் அனுப்புவது கடுகளவு கரண்ட். சாத்திய கோபுரக் கதவின் திட்டிவாசல் வழியாகக் குருக்கள் ஒருவர் போய்வந்து பாதை நன்றாக இருக்கிறது என்பார். ஆடித்தபசுக் கூட்டம் அதே திட்டிவாசலில் வந்தால்தானே தெரியும். 0.02 ஓம் தடையை அந்த பீப் கண்டுகொள்ளாது. அதே 0.02 ஓமில் 150 ஆம்பியர் போனால் 3 வோல்ட் அங்கேயே காலி. பழுதை அது வேலை செய்யும் நேரத்தில் பிடிக்க வேண்டும். சும்மா இருக்கும்போது விசாரித்தால் எல்லாரும் யோக்கியர்களே.

ஆகவே உங்கள் முறை. கடையில் ஆணியில் தொங்குமே, ஹோல்டர் பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லேம்ப், அதே மாதிரி ஒன்று கட்டினேன். ஒரு ஒயர் பேட்டரி மைனஸில், மற்றொன்று என்ஜின் இரும்பில். எர்த் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றுதான், பல்பு எரியக்கூடாது. கிழவர்கள் சுற்றி நிற்க, உங்கள் மகள் சாவியைத் திருப்பினாள். டிக். பல்பு எரிந்தது! பேட்டரி மைனஸிலிருந்து என்ஜினுக்கு ஒரு ஜம்ப்பர் ஒயரைக் கொடுத்துத் திருப்பச் சொன்னேன். உறுமல். எடுத்தேன், டிக். கொடுத்தேன், உறுமல். தடைக் கம்பிக்காரர் மட்டும் முகம் வாடிப் போனார்.

பட்டையைக் கழற்றினால் பாதி இழைகள் பச்சை பூத்து அற்றுக் கிடக்கின்றன. பழைய சொந்தக்காரர் யாரோ வண்டியைப் புதுப்பிக்கும்போது பாடியில் அது உட்காரும் இடத்திலும் சேர்த்து வழவழவென்று பெயிண்ட் அடித்து, அதன் மேலேயே போல்ட்டை முடுக்கியிருக்கிறார். மரையில் ஒட்டிய அளவுக்குத்தான் தொடர்பு. ரப்பர் மேல் என்ஜின் கொஞ்சம் இப்படிச் சாய்ந்து நின்றால் பிடிக்கும், அப்படிச் சாய்ந்தால் பிடிக்காது. ஓட்டலுக்கும் வீட்டுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியத் தேய்த்து, புதுப் பட்டை வைத்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். செலவு, இரண்டு பேர் டீ குடிக்கும் காசு. பேட்டரியும் செல்ப்பும் புதிதாக இருப்பதால் இப்போது வண்டி தெருவையே எழுப்புகிறது.

இதில் ஒரு சங்கடம் வந்திருக்கிறது மாமா. உங்கள் பல்பு வைத்தியத்தின் புகழ் பரவிவிட்டது. லூகாஸ் கேலி செய்தவர் தன் சிநேகிதரின் பழைய வண்டியைச் சனிக்கிழமை காலை இங்கே கொண்டு வருகிறார். அதில் வலப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்னால் ரிவர்ஸ் லைட் மினுமினுக்கிறதாம், பிரேக்கை மிதித்தால் இரண்டுமே அணைந்துவிடுகிறதாம். இதுவும் எர்த்துதானே? வியாழக்கிழமை ராத்திரி போன் போடுகிறேன். அத்தை கோயிலுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகன்