இன்ஸ்பெக்டர் இல்லறம் நடத்துவது எப்படி?

கொலைச் செய்தி நீங்கள் இலையில் கை வைக்கும்போதுதான் வரும். ரசம் வரைக்கும் காத்திருக்காமல் சாம்பாரிலேயே எழுந்துவிடுங்கள். "இதோ வந்துடறேன்" என்று மட்டும் வீட்டில் சொல்ல வேண்டாம். அந்த விஷயத்தில் நீங்கள் எப்போதோ பிறழ் சாட்சி ஆகிவிட்டீர்கள்.

சம்பவ இடத்துக்கு உங்களுக்கு முன்பே வேடிக்கைக் கூட்டமும் ஒன்றியச் செயலாளரும் வந்திருப்பார்கள். கூட்டத்தைக் கயிறு கட்டித் தள்ளலாம். ஒன்றியம் கயிற்றுக்கு உள்ளே நின்றுதான் பேசுவார். "அந்தப் பையன் நம்ம பையன் சார், பார்த்துப் பண்ணுங்க" என்பார். "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் பையனின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் புலனாய்வு அங்கேயே முடிந்தது. மோப்ப நாய் எப்படியும் சிறிது தூரம் ஓடிப்போய் நின்றுவிடும். அது யாரையும் கவ்விப் பிடித்ததாக நான் பத்திரிகையில் படித்ததில்லை.

எஸ்.பி. கேட்டால் 3 தனிப்படை அமைத்திருப்பதாகச் சொல்லுங்கள். நீங்கள், எஸ்.ஐ., ஜீப் டிரைவர் என்று கணக்கு சரியாக வரும். அமைச்சர் வருகைக்குப் பந்தோபஸ்து போட்டுவிட்டால் மூன்று படையும் சாலையோரம் நிற்கும். அந்த நேரம் பார்த்துப் 'பையன்' வேறு மாவட்டக் கோர்ட்டில் சரணடைவான். அதை டிவியில் எஸ்.பி.க்கு முன்னால் நீங்கள் பார்த்துவிட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடக்கும் கொலைக்கு 302 கிடையாது, 103 என்று எழுத வேண்டும். ஏட்டையா கை பழக்கத்தில் 302 போடும், பாருங்கள். சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பதும் இப்போது கட்டாயம். செல்போனில் இடம் இல்லாமல் எதை அழிக்கலாம் என்று தேடினால் மகளின் ஆண்டுவிழா நடனம் சிக்கும். அழித்துவிடுங்கள். எடுத்தது மனைவிதானே, மறுபடி அனுப்பச் சொல்லலாம். கேட்கும்போது அவர் முகத்தை மட்டும் பார்க்காதீர்கள்.

கல்யாண நாளை மறந்தால் ஒரு வாரப் பேச்சோடு போகும். ரிமாண்டிலிருந்து 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகாவிட்டால் கைதி ஜாமீன் கேட்டு உரிமையோடு வெளியே வருவான். எந்தத் தேதி உங்களுக்கு நினைவிருக்கிறது என்பது வீட்டுக்கும் தெரியும்.

நிலையப் பொறுப்பாளரைக் குறைந்தது 2 ஆண்டு மாற்றக்கூடாது என்று பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. அதை நம்பிப் பிள்ளைக்கு முழு ஆண்டுக் கட்டணம் கட்டாதீர்கள். ஒன்றியத்தின் பையனைக் காவலில் எடுக்கும் அன்றே பள்ளியில் டி.சி.க்கு மனு கொடுத்துவிடுங்கள்.