அழகன் எழுதிக்கொள்வது

மாண்புமிகு காப்பீட்டு நிறுவனத்தின் க்ளெய்ம் பிரிவாருக்கு,

மதுரையிலிருந்து அழகன் எழுதிக்கொள்வது. நேற்று மதியம் உங்கள் ஆபீஸிலிருந்து போன். "சார், வாயைத் திறந்து தெளிவா பேசுங்க." மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு அன்றைக்குப் பதினோராம் நாள். "ம்ம்ம்" என்றேன். மனைவி போனை வாங்கினாள். பாலிசிதாரர்தான் பேசணுமாம். மறுபடியும் "ம்ம்ம்". சாயங்காலம் எஸ்.எம்.எஸ். வந்தது: அழகுக்கான அறுவை சிகிச்சை, பணம் கிடையாது.

52 வயதில் என்னை அழகன் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். பெண் கொடுத்த மாமனார்கூட "பையன் நல்ல குணம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

என் அழகைக் கேளுங்கள். இரண்டு தாடையையும் அறுத்து, 10 மில்லிமீட்டர் முன்னால் நகர்த்தி, டைட்டானியத் தகடு வைத்துத் திருகியிருக்கிறார்கள். முகம் பலாப்பழம். கீழுதடும் மோவாயும் மரத்துக் கிடப்பதால், ரசம் வழிவது சட்டை நனைந்த பிறகுதான் தெரிகிறது. அந்த ரசமும் வடிகட்டி, சிரிஞ்சில். இட்லியை மோர் விட்டு மிக்சியில் அடித்துக் குடித்திருக்கிறீர்களா? அழகுக் குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவைக்கு முன் தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 47 தடவை எனக்கு மூச்சு தடைபட்டது. 30 தொட்டாலே தீவிரம் என்பார்கள். தூங்கும்போது மூச்சுக்குழாய்க்குக் காற்றைத் தள்ளும் சிபாப் மாஸ்கோடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டிய பிறகுதான் இந்தத் தாடை அறுவை. காளவாசல் சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே தூங்கியவன் நான், பின்னால் பஸ்.

உங்கள் விலக்குப் பட்டியலில் 8ஆம் எண், அழகு அறுவைக்குப் பணமில்லை என்கிறது. வாஸ்தவம். உடனடி உடல்நல ஆபத்தை நீக்கும் சிகிச்சை என்று டாக்டர் சான்று கொடுத்தால் அது பொருந்தாது என்று அங்கேயே எழுதியிருக்கிறதே, அதை யார் படிப்பது? சான்றை மூன்று முறை அனுப்பினேன். பிரீமியம் வாங்கிய ஒன்பது வருஷமும் என் மூஞ்சியை ஒருத்தராவது பார்த்தீர்களா? மூச்சு முட்டிச் செத்தால்தான் அது வியாதியா?

மன்னிக்கவும். அழகர்கள் கோபப்படக் கூடாது, தையல் பிரிந்துவிடும்.

கட்டு அவிழ்ந்ததும் நேரில் வருகிறேன். எங்கள் ஊரில் அழகர் வந்தால் எதிர்சேவை செய்து வரவேற்பது வழக்கம். தங்கக் குதிரை வேண்டாம், ஷேர் ஆட்டோவிலேயே வந்துவிடுவேன். என் ஃபைலோடு வாசலில் நில்லுங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்களால் அழகன்

பி.கு.: அதுவரை போன் செய்ய வேண்டாம். இப்போதைக்கு என்னிடம் இருப்பது "ம்ம்ம்" ஒன்றுதான். உங்களுக்கான மற்ற வார்த்தைகள் ரப்பர் பேண்டுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன.