இடுக்கை அடைக்கிற மாப்ளைக்கு

வா மாப்ளே, குந்து. திண்ணையில குந்த யோசிக்காத. இது பழைய காரைத் தரை, உன் வீட்டு வாசல் கடப்பா மாதிரி வெயில்ல பழுத்து பேண்ட்டைப் பொசுக்காது. மோர் குடி மொதல்ல. மூஞ்சைப் பாத்தாலே தெரியுது, உனக்குத் தூக்கமே இல்லன்னு. பாவுன கல்லுக்கு நடுவுல இடுக்கு இடுக்கா இருக்குதாம், அருகம்புல்லு மொளைக்குதாம், தேள் வருமாம். அதனால கலவை போட்டு மொத்தத்தையும் அடைச்சிடப் போறியாம். நேத்து உன் வாசல்ல சிமெண்ட் அஞ்சு மூட்டை எறங்குறதைப் பாத்தன். அடேங்கப்பா, நம்ம தாமல் ஏரிக்குப் புது மதகு கட்டப் போறான் போலன்னு சந்தோசப்பட்டுக்கினு வந்து கேட்டா, வாசல்ல எறும்பு போற வழியை அடைக்கவாம்!

உன்னையும் குத்தம் சொல்ல முடியாது. ஒரகடத்துல கார் கம்பெனியில வேலை. அங்க கதவுக்கும் தகட்டுக்கும் நடுவுல ஒரு நூலு கூடுதலா இருந்தா வண்டியைத் திருப்பி அனுப்பிடுவாங்கன்னு நீயே சொன்ன. அந்தக் கண்ணோட ஊருக்கு வந்து கல்லைப் பாத்தா, ராத்திரி தூக்கம் எப்படி வரும்?

ஆனா ஒண்ணு கேக்குறன், பதில் சொல்லு. வாசல் எத்தனை அடி? இருவதுக்குப் பதினஞ்சு. விடியக்காலையில கல்லைத் தொட்டுப் பாரு, சில்லுன்னு இருக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு வெறுங்காலோட நில்லு பாப்போம். கோயில் பிராகாரத்துல சாக்கு விரிச்சு வெச்சிருக்கிறது எதுக்குன்னு நெனைச்ச? காலைக்கும் மத்தியானத்துக்கும் கல்லு முப்பது டிகிரி சூடு ஏறுச்சுன்னு வெச்சுக்க, இருவது அடி நீளத்துல அது ஒரு மில்லிக்கு மேல நீளும். சாயங்காலம் மறுபடியும் சுருங்கும். தெனமும் இதே வேலை. நீ இடுக்கு இல்லாம கெட்டியா அடைச்சிட்டா அந்த ஒரு மில்லி எங்க போவும்? ஒண்ணு கலவை வெடிக்கும், இல்ல கல்லு மூலையில பேந்துக்கும். அடுத்த வருசம் நீ மறுபடியும் அஞ்சு மூட்டை எறக்குவ. சிமெண்ட் கடைக்காரர் உன் பேருக்கு அர்ச்சனை பண்ணுவாரு.

அடைக்கவே கூடாதுன்னு சொல்லல. நான் ஆயுசு முழுக்க கரண்டி புடிச்ச கொத்தனாரு, அடைக்க வேணாம்னு சொன்னா சோறு போட்ட தொழிலுக்கே துரோகம். எங்க அடைக்கணும், எதை வெச்சு அடைக்கணும்னுதான் பேச்சு.

மொதல்ல கல்லை ஒவ்வொண்ணா தட்டிப் பாத்தியா? ஒரு கட்டையை எடுத்துத் தட்டு. கெட்டியா சத்தம் வந்தா அடியில மண்ணு உக்காந்திருக்கு. டொக்குன்னு வந்தா அடியில பொக்கை. கால் வெச்சா ஆடுற கல்லுக்கு இடுக்குல கலவை போட்டு என்னா பிரயோசனம்? ஆடுற கல்லைப் பேத்து எடு, அடியில மணல் கொட்டி திம்சு போட்டு, ரசமட்டம் வெச்சு மறுபடியும் உக்கார வையி. இந்த வேலை உனக்குப் புடிக்காதுன்னு தெரியும். ஏன்னா இது வெளியில தெரியாது, போட்டோ புடிச்சு குரூப்புல போட முடியாது.

அப்புறம் வாட்டம். பத்தடிக்கு ரெண்டு அங்குலம் சாய்வு இருக்கணும், அதுவும் வீட்டுப் பக்கம் இல்ல, தெருப் பக்கம். ஒரு வாளி தண்ணியை வாசப்படி கிட்ட ஊத்திட்டு நின்னு பாரு. தண்ணி படிக்கே திரும்பி வந்தா, அது உனக்குக் கார்த்திகை மாசத்துல என்னா நடக்கப் போவுதுன்னு இப்பவே சொல்லுதுன்னு அர்த்தம். 2021 நவம்பர்ல பாலாறு எப்படிப் போச்சுன்னு மறந்துட்டியா? அந்த மாதிரி மழையில பாவுன வாசல் முழுக்க ஓட்டை இல்லாம பூசி வெச்சா, விழுற தண்ணி அத்தனையும் ஒண்ணா சேந்து எங்கியாவது போயாகணும். 2003லயே நம்ம கவர்மெண்டு எல்லா வீட்டுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு சட்டம் போட்டுச்சு. உங்க நைனாவும் மூலையில குழி வெட்டி ஜல்லி போட்டாரு. நீ அது மேலேயே கல்லைப் பரப்பிட்ட. இப்ப கல்லையும் அடைக்கப் போற. அப்புறம் மே மாசம் போர்ல தண்ணி இல்லன்னு லாரிக்கு போன் அடிப்ப. ஏரி ஊருல குடியிருந்துக்கினு லாரித் தண்ணி வாங்குற ஆளைப் பாத்தா எனக்குச் சிரிப்புதான் வருது.

சிமெண்டுன்னா உனக்கு ஏதோ ஆதிகாலத்து பொருள்னு நெனைப்பு. 1824ல இங்கிலாந்துல லீட்ஸ் ஊருல ஜோசப் ஆஸ்ப்டின்னு ஒருத்தரு காப்புரிமை வாங்குனதுதான் போர்ட்லேண்ட் சிமெண்ட். அவரும் என்னை மாதிரி செங்கல் அடுக்குற கொத்தனாருதான், அதனால எனக்கு அவரு மேல ஒரு பாசம். 1904ல நம்ம மெட்ராஸ்லயே கடல் சிப்பியை வெச்சு சிமெண்ட் செஞ்சு பாத்தாங்க, நிலைக்கல. ரெண்டு ஆள் ஆயுசைச் சேத்தா முடிஞ்சு போற வயசுதான் அதுக்கு இந்த நாட்டுல. அதுக்கு முன்னாடி கட்டுனவனெல்லாம் என்னா, வாயாலயா ஒட்டுனான்?

சுண்ணாம்பு, மாப்ளே. கிளிஞ்சலைச் சுட்டு நீத்து, மணலோட சேத்துச் செக்குல போட்டு மாடு கட்டி அரைப்பாங்க. கடுக்காய் ஊறுன தண்ணி, வெல்லத் தண்ணி சேப்பாங்க. கும்பாபிஷேகத் திருப்பணிக்குப் போன எடத்துல நானே அரைச்சிருக்கன், கை தோலு உரிஞ்சிடும். சுண்ணாம்பு அவசரப்படாது. காத்துல இருக்குற கரியமில வாயுவை வாங்கி வாங்கி மெதுவா திரும்பவும் கல்லாகும். சின்ன விரிசல் விட்டாலும் மழைத் தண்ணி பட்டு சுண்ணாம்பு கரைஞ்சு அதுவே கொஞ்சம் கொஞ்சமா மூடிக்கும். சிமெண்ட் அப்படி இல்ல. தண்ணி பட்ட ஒடனே புடிக்க ஆரம்பிச்சு, இறுகிட்டா இறுகுனதுதான், வளையாது. விட்டுக்குடுக்கவே தெரியாது, உங்க பெரியப்பா மாதிரி. அந்த ஆளுகிட்ட சொல்லிடாத.

காஞ்சிவரத்துக்குப் போனா சில்க் கடைக்கும் சரவண பவனுக்கும் மட்டும் போவாம ஒரு தடவை கைலாசநாதர் கோயிலுக்குப் போ. ராஜசிம்ம பல்லவன் கட்டுனது, ஆச்சு ஆயிரத்து முந்நூறு வருசம். அடியில தரையைத் தொடுற வரிசை கருங்கல்லு, அதுக்கு மேல எல்லாம் மணற்கல்லு. ஈரம் ஏறுற எடத்துல கெட்டிக் கல்லு, சிற்பம் செதுக்குற எடத்துல மெத்துக் கல்லு. அந்தக் காலத்து ஆளு எது எங்க இருக்கணும்னு யோசிச்சிருக்கான் பாரு. அந்த மணற்கல்லு இடுக்குல உன்னை மாதிரி ஒருத்தன் போயி கெட்டி சிமெண்டை அடைச்சான்னு வையி, ஈரம் வெளிய வர வழி இல்லாம கல்லுக்குள்ளயே பூந்து, கலவை அப்படியே நிக்கும், கல்லு பொரிஞ்சு கொட்டும். கல்லைவிட இடுக்குல போடுறது கொஞ்சம் மெத்தா இருக்கணும். தேயணும்னா அது தேயட்டும், அதை மறுபடியும் சுரண்டிப் போட்டுக்கலாம். கல்லு தேஞ்சா எங்க போயி போடுவ?

கல்யாணத்துக்கு எடுத்த கோர்வைப் புடவை பீரோவுல இருக்கும், எடுத்துப் பாரு. உடம்பு ஒரு கலரு, கரை வேற கலரு, ரெண்டும் சேர்ற எடத்துல பல்லு பல்லா இருக்கும். நெய்யிறவரு ஒரு பக்கம், கரைக்கு நாடா தள்ள ஒரு பையன் ஒரு பக்கம், மூணு நாடா ஓடும். சேர்ற எடத்துக்குத்தான் அத்தனை மெனக்கெடு. நீ என்னாடான்னா சேர்ற எடத்தை ஒரு பாண்டு சட்டி கலவையைக் கொட்டி காலால தள்ளி முடிச்சிடலாம்னு வந்து நிக்கிற.

சரி, சொல்லித் தொலையிறன். வண்டி நிறுத்துற எடம், துணி தொவைக்கிற கல்லைச் சுத்தி, இந்த ரெண்டு எடத்துல மட்டும் கலவை போடு. வேப்பமரத்தைச் சுத்தியும் மழைநீர் குழி பக்கமும் வெறும் மணல் சலிச்சு இடுக்குல தூவி, தொடப்பத்தால கூட்டி விடு. அருகம்புல்லு வந்தா வரட்டும், புள்ளையார் சதுர்த்திக்கு கடைக்குப் போற வேலை மிச்சம். எறும்பு வரத்தான் செய்யும். ஒவ்வொரு மணலா தூக்கியாந்து இடுக்கு வாயில குமிச்சு வெச்சிருக்கும். உன் வூட்டுக்காரி அரிசி மாவுல கோலம் போட்டா வரும், கல்மாவுல போட்டா வராது. எதுன்னு நீங்க ரெண்டு பேரும் பேசிக்குங்க, நான் அதுல தலையிடல.

கலவை போடுற எடத்துல இடுக்கு சுண்டு வெரல் அகலமாவது இருக்கணும். அதுக்குக் கொறைச்சலா இருந்தா உள்ள எறங்காது, மேலாக்க மட்டும் ஒட்டிக்கினு ரெண்டாம் மாசமே பக்கு பக்கா பேந்து வரும். கம்பியை விட்டு கல்லு கனம் முழுக்க ஆழமா சுரண்டு, புல்லு வேரை எடு, கூட்டு. முன்னாடியே தண்ணி தெளிச்சு கல்லை நனைச்சு வையி, தேங்கி நிக்கக் கூடாது. காஞ்ச கல்லு கலவையில இருக்குற தண்ணியை உறிஞ்சிடும், அப்புறம் அது மாவா உதிரும். ஒண்ணுக்கு நாலு போதும். என்னைக் கேட்டா ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு நீத்த சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் போடுவன். எம் சாண்டு வேணாம், பூச்சுக்குன்னு விக்கிற பி சாண்டை வாங்கி சலிச்சுக்க. தண்ணி கம்மியா ஊத்து. கையில புடிச்சு உருட்டுனா உருண்டை நிக்கணும், கை நனையக் கூடாது.

சிமெண்ட் பாலைக் கரைச்சு மேல ஊத்தி தொடப்பத்தால தள்ளிடலாம்னு உனக்கு எவனோ போன்ல காட்டியிருப்பான். அப்படி ஊத்துனா கடப்பா மேல சாம்பல் பூத்தாப்புல கறை நிக்கும். அந்தக் கறையை எடுக்க அடுத்த நாள் ஆசிட் வாங்கியாருவ. கருங்கல்லு ஆசிட்டைத் தாங்கும். கடப்பா சுண்ணாம்புக் கல்லு, மாப்ளே. ஊத்துன ஒடனே நொரை தள்ளி பொங்கும், பளபளப்பு போயி வெளுத்துப் போயிடும். காசு குடுத்து கறுப்புக் கல்லு வாங்கி, மேல காசு குடுத்து வெள்ளையாக்குன ஒரே ஆளு இந்த தாலுகாவுலயே நீயாத்தான் இருப்ப. சின்னக் கரண்டியால கொஞ்சம் கொஞ்சமா உள்ள தள்ளி அழுத்து, அரை அங்குலக் குழாய் துண்டை மேல வெச்சு இழுத்து வழிச்சு விடு. கல்லு மேல சிந்துனதைக் காயறதுக்குள்ள ஈரத் துணியால தொடை.

பங்குனி பொறந்தாச்சு. மே 4ல கத்திரி ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள முடி. காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ஒம்போதுக்குள்ள கரண்டியைக் கழுவிடணும். சாக்கை நனைச்சு மேல போட்டு ஏழு நாள் காயாம பாத்துக்க. அந்த ஏழு நாளும் வண்டி தெருவுலயே நிக்கட்டும். பத்திரமா இருக்கும், அந்த வண்டியைத் திருடுறவனும் தள்ளிக்கினுதான் போவணும்.

இப்ப கணக்குக்கு வா. ரெண்டடிக்கு ரெண்டடி கல்லு, மொத்தம் எழுவத்தஞ்சு. வாசல் முழுக்க இடுக்கைக் கூட்டுனாலும் முந்நூறு அடி நீளம்தான். சுண்டு வெரல் அகலம், ஒன்றரை அங்குல ஆழம்னு போடு. அத்தனைக்கும் சேத்து சிமெண்ட் இருவது கிலோ தாண்டாது. நான் சொன்ன ரெண்டு எடத்துக்கு மட்டும்னா அதுலயும் பாதி. ஒரு மூட்டை அம்பது கிலோ. நீ அஞ்சு எறக்கியிருக்க. கடைக்காரரு கணக்குல கெட்டிக்காரரு, நீதான் இஞ்சினியரிங் படிச்சவன்.

மிச்சத்தை அடுக்கி வெச்சா ஒண்ணியும் மிஞ்சாது. மூணு மாசத்துல சிமெண்டுக்கு வேகம் கொறையும், மழைக் காலத்து ஈரம் பட்டா மூட்டையிலயே கட்டிப் போயிடும். என் மாட்டுக் கொட்டாய் தரை மண்ணாவே கெடக்குது. கோமியம் எல்லாம் மண்ணுக்குள்ள எறங்கி வீணாப் போவுது. அங்க ஒரு இடுக்கு இருக்கக் கூடாது, நல்லா கெட்டியா பூசிடணும். சாயங்காலம் பையனை டிவிஎஸ் வண்டி குடுத்து அனுப்புறன். நடைக்கு ஒரு மூட்டைதான் தாங்கும், நாலு நடை வருவான். கேட்டைத் தொறந்து வையி.