கவுன்சிலர் வீட்டுக்காரர்

எங்கள் வார்டில் ‘கவுன்சிலர்’ என்றால் ஓர் ஆண். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பை வழியாகத் தெரிகிற தலைவர் படம், பின்னால் ஒருவரை எப்போதும் ஏற்றிக்கொண்டு போகும் புல்லட். தேர்தலில் நின்று ஜெயித்த அம்மாளுக்கு எங்கள் தெருவில் ‘கவுன்சிலர் சம்சாரம்’ என்று பேர். இதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. தபால்காரர் மட்டும் முதல் மாதம் அம்மாள் பேருக்கு வந்த கவரை அம்மாளிடமே கொடுத்துவிட்டு, பிறகு திருத்திக்கொண்டார்.

நகராட்சி நிர்வாகத்துக்குச் சட்டத்தில் பஞ்சமில்லை. 1920-ல் வெள்ளைக்காரன் போட்ட மாவட்ட நகராட்சிகள் சட்டம் நெடுங்காலம் ஓடியது. 1998-ல் புதிதாக நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் என்று ஒன்றை இயற்றி, சிறிது காலத்தில் நிறுத்தி வைத்து, 2023-ல்தான் விதிகளோடு நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கால் நூற்றாண்டு ஊறிய சட்டம். அதில் தலைவர் உண்டு, துணைத்தலைவர் உண்டு, ஆணையர் உண்டு, உறுப்பினர் உண்டு. கவுன்சிலர் வீட்டுக்காரர் எந்தப் பிரிவிலும் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஆணையரை ஒரு வாரம் காணவில்லை என்றால் யாரும் தேட மாட்டார்கள். இவரை அரை நாள் காணவில்லை என்றால் டீக்கடையில் விசாரிப்பார்கள்.

வடக்கேயும் இந்த இனம் உண்டு. அங்கே ‘சர்பஞ்ச் பதி’ என்கிறார்கள். இதற்கு என்ன செய்யலாம் என்று யோசிக்க ஒன்றிய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவே போட்டது. அந்தச் செய்தி வந்த பேப்பரை நம்மவர் டீக்கடையில் உரக்கப் படித்துக்காட்டிவிட்டு, “பெண்களை மதிக்கத் தெரியாதவனுங்க” என்று சொன்னார். உள்ளபடியே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அவர் கதையைக் கேட்டால் நமக்கும் பாவமாக இருக்கும். 2011 தேர்தலில் சீட் கிடைக்கவில்லை. சரி, அடுத்த முறை என்று காத்திருந்தார். 2016-ல் உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டத் திருத்தம் வந்தது. அதே ஆண்டு நடக்கவேண்டிய தேர்தல் கோர்ட்டில் போய் நின்றது. நகராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. இவர் அசரவில்லை. வார்டில் ஒரு காதுகுத்து விடாமல் மொய் எழுதினார். மயானம் வரைக்கும் நடந்து போனார். கோயில் கொடைக்கு நீர்மோர்ப் பந்தல் போட்டார். பத்து வருட முதலீடு. கடைசியில் 2022-ல் தேர்தல் என்று அறிவித்து வார்டுப் பட்டியலை ஒட்டினார்கள். எங்கள் வார்டுக்கு நேரே ‘பெண்கள் (பொது)’ என்று இருந்தது.

நோட்டீஸ் போர்டு முன்னால் அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று விசாரித்தார்களாம். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிக்கொண்டே சம்சாரத்திடம் கேட்டார்: “ஒன் ஆதார் கார்டு எங்க வெச்சிருக்க?” அந்த அம்மாளின் அரசியல் பிரவேசம் அப்படித்தான் நடந்தது. ரேஷன் கடையில் ஏதோ திருத்தம் போலிருக்கிறது என்றுதான் எடுத்துக் கொடுத்தாராம்.

பிறகு பேனர். அதில் மேலே தலைவர்கள், நடுவே கும்பிட்டபடி இவர், கீழே ஓரத்தில் ரேஷன் கார்டு போட்டோவை வெட்டி ஒட்டிய மாதிரி அம்மாள். ‘உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு வாக்களிப்பீர்’ என்ற வாசகம். பிள்ளை யார் என்பதில் கணினிக்கடைத் தம்பிக்குச் சந்தேகம் வந்து கேட்டிருக்கிறான். “ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும்” என்றாராம். பிப்ரவரி 19-ல் ஓட்டு, 22-ல் எண்ணிக்கை. ஜெயித்ததும் மாலையை இவர் கழுத்தில் போட்டார்கள். அம்மாளுக்கு ஆரத்தி எடுத்தார்கள். மார்ச் 2-ஆம் தேதி பதவிப் பிரமாணம். அம்மாள் மேடையில் நின்று வாசித்தபோது, கீழே முதல் வரிசையில் இவர் உதடும் அசைந்துகொண்டிருந்தது. மந்திரம் சொல்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் முணுமுணுக்கிற சம்பந்தி மாதிரி.

அன்றிலிருந்து நிர்வாகம் திண்ணையில் நடக்கிறது. காலை ஏழு மணிக்கு அம்மாள் தோசைக்கல்லைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து லெட்டர் பேடில் பதினைந்து இருபது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எல்லாம் வெற்றுத் தாள். மேலே விஷயத்தை இவர் பிறகு நிரப்பிக்கொள்வார். முதலில் பச்சை மைப் பேனா வாங்கிக் கொடுத்திருந்தார். அது கெஜட்டட் ஆபீசர் சமாசாரம் என்று ரிட்டயர்டு தலைமையாசிரியர் ஒருவர் சொன்ன பிறகு நீலத்துக்கு மாறினார்கள். ரப்பர் ஸ்டாம்பு இவர் சட்டைப் பையில்; அதற்கான மைப்பேடு புல்லட்டின் டேங்க் கவரில். ஆதாரில் முகவரி மாற்ற வேண்டியவர்கள் படிவத்தோடு வருவார்கள். போட்டோ மேல் பாதி, தாள் மேல் பாதியாக முத்திரை விழவேண்டும். அதை இவர் அடிக்கிற அழகே தனி. ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, கேரம் போர்டில் சிவப்புக் காயைக் குறிவைப்பது போல. விழுந்ததும் ஸ்டாம்பை ஒரு தடவை ஊதுவார். எதற்கென்று தெரியாது.

நகர்மன்ற உறுப்பினருக்கு 2023 ஜூலையிலிருந்து மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம். அது முறைப்படி அம்மாள் கணக்கில் ஏறுகிறது. ஏ.டி.எம். கார்டு யாரிடம் இருக்கிறது என்று கேட்பது நாகரிகமல்ல.

எந்தக் குறையைச் சொன்னாலும் இவரிடம் ஒரே பதில்தான்: “பார்த்துடலாம்.” சொல் ஒன்றுதான், அதை இழுக்கிற நீளத்தில் விஷயம் இருக்கிறது. வெடுக்கென்று சொன்னால் சாயங்காலத்துக்குள் ஆகிவிடும். “பார்த்துர்லாம் பார்த்துர்லாம்” என்று இரட்டித்தால் அடுத்த நிதியாண்டு. தோளில் கை போட்டு, “நம்ம பார்க்காம யாரு பார்ப்பா” என்று ஆரம்பித்தால் வேறு வழி தேடிக்கொள்வது நல்லது.

ஆனாலும் ஆளைக் குறை சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. போன ஐப்பசி மழையில் எங்கள் தெரு முனையில் குடிநீர்க் குழாய் உடைந்து சாக்கடையோடு கலந்தபோது ராத்திரி ஒரு மணிக்கு வேட்டியை மடித்துக்கட்டி முழங்கால் சேற்றில் நின்றவர் இவர்தான். ஃபிட்டரை அவன் மாமனார் வீட்டிலிருந்து கூட்டிவந்தார். வால்வை மூடுகிற கட்டைக்கம்பி எங்கே கிடக்கும் என்பது நகராட்சியில் யாருக்கும் தெரியவில்லை, இவருக்குத் தெரிந்திருந்தது. சொத்துவரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் ஐந்து சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதை வீடு வீடாகச் சொன்னவரும் இவர்தான். வரியைக் குறைக்கச் சொல்லி வந்தவர்களிடம் இதைச் சொல்லியே அனுப்பிவிட்டார் என்பது வேறு விஷயம்.

அவருக்குச் சோதனை வந்தது மன்றக் கூடத்தில்.

எங்கள் நகராட்சிக்கு 33 வார்டு. பெண்கள் 17 பேர். கூட்டம் நடக்கிற நாளில் வேப்பமரத்தடியில் பதினைந்து வெள்ளைச் சட்டைகள் நிற்கும். மிச்சம் இரண்டு பேரின் வீட்டுக்காரர்கள் வேலைக்குப் போகிறவர்கள். அந்த இரண்டு வார்டும் எப்படித்தான் நடக்கிறது என்று மரத்தடிக்கு இன்றுவரை புரியவில்லை. பழைய கூடத்துக்கு ஆளுயர ஜன்னல்கள். மரத்தடியிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஜன்னல். ஜன்னலையொட்டி மகளிர் வரிசை. உள்ளே பொருள் எண் வாசிக்கும்போது வெளியிலிருந்து “ம்”, “வேணாம்”, “எந்திரி”, “வெளிநடப்பு, வெளிநடப்பு” என்று குரல் போகும். ஒருமுறை தப்பான ஜன்னலில் “எந்திரி” என்று சொல்லி, எதிர்க்கட்சி அம்மாள் ஒருவர் எழுந்துவிட்டார்.

இப்படி ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஜனநாயகத்தில் கூடத்துக்கு ஏ.சி. போடத் தீர்மானம் வந்தது. வெயிலுக்கு நல்லதுதானே என்று மரத்தடியும் சம்மதித்தது. ஏ.சி. வந்தது. ஜன்னலை எல்லாம் மூடிக் கண்ணாடி போட்டார்கள். கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அடுத்த கூட்டத்தில் பதினைந்து பேரும் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றதில் அவரவர் முகம்தான் அவரவருக்குத் தெரிந்தது.

எங்கள் மன்றத்தில் கூட்டம் என்பது போண்டா ஆறுவதற்குள் முடிகிற சங்கதி. எழுத்தர் அஜெண்டாவில் நாலு பொருள் வாசிப்பார், ஐந்தாவதில் யாராவது ஒருவர் “ஆல் பாஸ்” என்பார், மேசை தட்டுவார்கள், மீதி நாற்பது பொருளும் சேர்ந்து நிறைவேறிவிடும். அன்றைக்கும் அப்படித்தான் ஆனது. அதில் முப்பதாவதோ என்னவோ ஒரு பொருள்: தெருவில் அவிழ்த்துவிடப்படும் மாடுகளைப் பிடித்துப் பவுண்டியில் அடைப்பது, உரிமையாளரிடம் அபராதமும் தீவனச் செலவும் வசூலிப்பது. மரத்தடியில் அதை யாரும் படிக்கவில்லை. டெண்டர் சம்பந்தப்பட்ட பக்கங்களைத்தான் அங்கே மடித்து வைத்துப் படிப்பார்கள்.

மூன்றாம் வாரம் காய்கறி மார்க்கெட்டில் முதல் மாடு பிடிபட்டது. நல்ல செவலை. கொம்பில் கட்சி வர்ணம்.

நம்மவர் புல்லட்டை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. நேரே சுகாதார ஆய்வாளர் மேசைக்குப் போனார். அன்று நான் தண்ணீர் வரி கட்ட அங்கே வரிசையில் நின்றதால் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

“யாரு மாடு தெரியுமாய்யா?”

“தெரியும் சார்.”

“கவுன்சிலர் மாடு! நான்தான்யா கவுன்சிலர்!”

ஆய்வாளர் ரொம்ப மரியாதையான ஆள். எழுந்து நின்று, பீரோவைத் திறந்து, தீர்மான நகலை எடுத்து, அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். முன்மொழிந்தவர் என்ற இடத்தில் எங்கள் பதினான்காவது வார்டு உறுப்பினர் பெயர் இருந்தது.

“அப்ப இதைக் கொண்டாந்ததே நீங்கதானே சார்?”

இவர் அந்தத் தாளை ரொம்ப நேரம் படித்தார். ஒரே வரிதான். கீரைக்கட்டை மாடு தின்றுவிட்டுப் போகிறதென்று மார்க்கெட் அம்மாக்கள் ஆறு மாதமாக யாரிடமோ முறையிட்டிருக்கிறார்கள். அந்த யாரோ இவர் இல்லை. பேசாமல் அபராதத்தைக் கட்டினார். ரசீதில் பெயர் எழுதும்போது, “யாரு பேருக்கு சார் போடட்டும்?” என்று கேட்டார்கள். அன்றிரவு அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்று தெரு முழுக்கக் காதைக் கொடுத்தும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மாடும் கொட்டகையில் கட்டிக் கிடந்தன. சாணி அள்ளிக்கொண்டிருந்தவர் வெள்ளைச் சட்டை போட்டிருக்கவில்லை.

இதையெல்லாம் கிண்டலாக எழுத எனக்கு வாய் இருக்கிறதே தவிர, நானும் அந்தத் தெருவாசிதான். போன மாதம் எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் விளக்கு போய்விட்டது. லெட்டர் பேடில் இருக்கிற நம்பருக்குப் போன் போட்டேன். பெண் குரல்.

“அண்ணன் இல்லீங்களாம்மா?”

“வெளிய போயிருக்காங்க. கவுன்சிலர்தான் பேசுறேன், சொல்லுங்க.”

“இல்லம்மா, அண்ணன் வந்ததும் கூப்பிடச் சொல்லுங்க.”

“லைட்டுங்களா? எந்தத் தெரு? கம்பத்து நம்பர் என்ன?”

மூன்று வருஷத்தில் என்னிடம் யாரும் கம்பத்து நம்பர் கேட்டதில்லை. கம்பத்துக்கு நம்பர் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். “பார்த்துட்டுச் சொல்றேம்மா” என்று வைத்துவிட்டு, டார்ச்சோடு எதிர்ப்பக்கம் போனேன். கம்பத்தில் மஞ்சள் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. அதன் மேல் கண்ணீர் அஞ்சலி, அதன் மேல் பூப்புனித நீராட்டு விழா, அதன் மேல் நம்மவரே கும்பிட்டபடி பொங்கல் வாழ்த்து. ஒவ்வொன்றாக உரித்தேன். தெரு நாய் ஒன்று வந்து கொஞ்ச நேரம் கூட நின்று பார்த்தது. கடைசியில் நம்பர் கிடைத்தது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து மறுபடி போன் போட்டேன்.

எடுத்தது அண்ணன்.

“அண்ணே, கம்பத்து நம்பர்...”

“நம்பரெல்லாம் எதுக்கு சார்? பார்த்துர்லாம், பார்த்துர்லாம்.”